நிறம் மாறும் கண்ணாடியும் ஒற்றைக்கண் பாலமும்

தமிழ்நாட்டில் கறுப்புக் கண்ணாடி என்றதும் நினைவுக்கு வரும் முகங்கள் இரண்டு. ஒன்று எம்.ஜி.ஆருடையது, மற்றொன்று கலைஞருடையது. அரசியலில் எதிரெதிராக நின்ற இருவரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று எங்கள் தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அத்தகைய புகழ் பெற்ற பொருளை எங்கள் வீட்டிலும் ஒருவர் அணிய வேண்டிய நிலை சென்ற ஆண்டு ஏற்பட்டது. அவர் என் தந்தையார்.

"எனக்கெதுக்கு கண்ணு கூலிங்கிளாசு? பவர் டேபிள்ல உக்கார்றவன் அதைப் போட்டுட்டுப் போனா கம்பெனியில சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

அவருக்கு வலது கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், சதை வளர்ந்து கருவிழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அறுவை செய்து எடுத்தார்கள். எடுத்த மருத்துவர், "இது மறுபடியும் வளரக்கூடியது. வெயில், காற்று, தூசி மூன்றும் இதற்கு ஆகாது. எதில் வேலைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார். சைக்கிள் என்றதும், "அப்படியானால் கண்ணாடி இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்ன கண்ணாடி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான் என்ற ஒரே தகுதியின் பேரில், என் தலையில் விழுந்தது.

எங்கள் வீடு ஊருக்கு மேற்கே ஆண்டிபாளையத்தில். தந்தையாரின் கம்பெனி கிழக்கே ஊத்துக்குளி சாலையில். காலையில் கிழக்கு நோக்கிப் போகும்போது சூரியன் எதிரே. ஒரு ஷிப்டோடு வேலை முடிந்து மாலையில் மேற்கு நோக்கித் திரும்பினாலும் சூரியன் எதிரே. ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட். அப்போது இரவு எட்டரைக்கு மேல்தான் சைக்கிளை எடுப்பார். இவற்றோடு ஆடிக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று நம் ஊர்மீது மேகங்களை வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகும். ஒரு நிமிடம் வெயில், ஒரு நிமிடம் நிழல், இடையில் பன்னீர் தெளித்தாற்போல் ஒரு சாரல். காற்றோடு மண்ணும் பறக்கும்; வேஸ்ட் குடோன்களைக் கடக்கும்போது பனியன் பஞ்சும் பறக்கும். இத்தனைக்கும் ஒரே கண்ணாடி வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரர் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "தம்பி, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்குதுங்க" என்று ஒரு வெள்ளைக் கண்ணாடியை எடுத்து, நீலநிற டார்ச் ஒன்றை அதன்மேல் அடித்தார். டார்ச் பட்ட இடம் வட்டமாகக் கறுத்துப்போயிற்று. "வெயில்ல கறுப்பு, நிழல்ல வெள்ளை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்" என்றார். தந்தையாருக்கு அது ஏறக்குறைய மூன்று ஷிப்ட் கூலி. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

நிறம் மாறும் இந்தக் கண்ணாடியின் கதை சுவையானது. அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்ற இரு விஞ்ஞானிகள் இதை உருவாக்கி 1964-ல் உலகுக்கு அறிவித்தார்கள். பழைய புகைப்படச் சுருளில் இருந்த வெள்ளி உப்புதான் இதிலும் இருந்தது. கண்ணாடிக்குள் வெள்ளிக் குளோரைடின் மிக நுண்ணிய படிகங்களைச் சிறிதளவு செம்போடு சிறை வைத்தார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் வெள்ளி அயனி உலோக வெள்ளியாகி ஒளியை மறைக்கும். கதிர் நின்றதும் செம்பின் துணையால் மீண்டும் அயனியாகித் தெளியும். புகைப்படச் சுருளில் இந்த மாற்றம் ஒரு வழிப் பாதை. இங்கே வெள்ளி தப்பிப் போக வழியில்லாததால் போக்குவரத்து இரு வழியிலும் நடக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கண்ணாடிகள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் வெள்ளி இல்லை; சாயங்களைப் போன்ற கரிமச் சேர்மங்கள் இருக்கின்றன. மடங்கிக் கிடக்கும் மூலக்கூறு புற ஊதாக் கதிர் பட்டதும் ஒரு பிணைப்பு அறுந்து விரிகிறது. விரிந்த நிலையில் அது ஒளியை உறிஞ்சிக் கருமை காட்டுகிறது. வெப்பம் அதைத் திரும்பவும் மடக்கிவிடுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நிற்க. நம் கல்லூரியில் ஒரு பேராசிரியர் இதே வகைக் கண்ணாடி அணிகிறார். பெயர் சொல்லத் தேவையில்லை. மைதானத்தைக் கடந்து வகுப்புக்குள் நுழையும்போது திரைப்பட வில்லனாக நுழைந்து, வருகைப் பதிவு முடிந்து பாடம் தொடங்கும்போது வழக்கமான முகத்தோடு நிற்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரிடம் என் நிலையைச் சொன்னேன். பழைய கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "கடைக்காரன் கறுப்பதைத்தான் காட்டுவான். வெளுப்பதை நீ பார்" என்றார்.

பார்த்தேன். சித்திரை மாதம், நண்பகல், நம் வளாகத்துச் சிமெண்ட் திண்ணை. வெயிலில் வைத்த கண்ணாடி ஒரு நிமிடத்துக்குள் நன்றாகக் கறுத்துவிட்டது. வராந்தாவுக்குள் கொண்டுவந்து செய்தித்தாள்மேல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பாதி தெளியவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. முழுவதும் தெளிவதற்குள் பக்கத்தில் இருந்த நண்பன் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டான்.

பிறகு கடையில் ஐஸ் வாங்கி வந்து, கண்ணாடியைப் பாலிதீன் பையில் போட்டுக் குளிர வைத்து, அதே வெயிலில் வைத்தேன். அப்போதுதான் உண்மையான கறுப்பைக் கண்டேன். முன்பு கண்டது வெறும் சாம்பல். ஆனால் குளிர்ந்த கண்ணாடி தெளிய எடுத்துக்கொண்ட நேரமும் அதிகம். விரிந்த மூலக்கூற்றை வெப்பம் மடக்கும் என்று சொன்னேனல்லவா? வெயில் ஒரு பக்கம் விரிக்க, நம் ஊர்ச் சூடு மறுபக்கம் மடக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் காணும் கருமை நமக்குச் சித்திரை வைகாசியில் கிடைக்காது. இதைக் குறை என்றே பலரும் சொல்வார்கள். சைக்கிள்காரனுக்கு இது பாதி வரம் என்பது என் கருத்து. குறைவாகக் கறுப்பது விரைவாகத் தெளியும். அவனுக்கு ஆபத்து வெயிலில் இல்லை, வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும் அந்த நொடியில்தான் இருக்கிறது.

அந்த நொடியை அறிய வேண்டுமானால் ஒற்றைக்கண் பாலத்துக்கு வர வேண்டும். ஊத்துக்குளி சாலைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பாலத்துக்குக் கண் என்பது அடியில் வழி விடும் திறப்பு. ரயில் பாதைக்குக் கீழே ஒரே ஒரு கண் உள்ள பாலம் இது. நண்பகல் வெட்டவெளியில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். பாலத்தின் அடியில் அதில் நூற்றில் ஒரு பங்கு கூட இருக்குமா என்பது சந்தேகம். நம் கண் இதற்குத் தானாகவே ஈடு கொடுக்கும். கண்பாவை உடனே விரியும். ஆனால் விழித்திரையில் மங்கல் ஒளிக்கென்று உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெயிலில் வெளுத்துக் கிடக்கும். அது முழுவதும் ஊறி வர இருபது முப்பது நிமிடம் ஆகும். சைக்கிளில் பாலத்தைக் கடக்க எனக்கு ஆவதோ ஏழெட்டு விநாடி! கண்ணுக்கே நேரம் போதாத இடத்தில் கண்ணாடிக்கு எங்கே போதும்? பேராசிரியரின் கண்ணாடியோடு நான் நான்கு முறை அதன் வழியே போய் வந்தேன். உள்ளே கறுப்பாகவே நுழைந்தது. கறுப்பாகவே வெளியே வந்தது. எதிரே வருகிறவர் தெரிந்தார். தரையில் கிடந்த கல் தெரியவில்லை. தந்தையாரோடு வேலை செய்யும் கைமடிக்கிற அண்ணன் ஒருவர் நிலையான கறுப்புக் கண்ணாடியோடு இதே போன்ற இருட்டில் நுழைந்து, நின்றுகொண்டிருந்த துணிக்கட்டு வண்டியில் மோதி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டது எங்களுக்கெல்லாம் தெரிந்த கதை.

இனிப் புற ஊதாக் கதிருக்கு வருவோம். தந்தையாரின் கண்ணுக்கு எதிரி அதுதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அல்ல. கண்ணாடி கறுப்பாக இருப்பதற்கும் புற ஊதாவைத் தடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறும் கண்ணைவிடக் கெடுதல். இருட்டென்று நம்பிக் கண்பாவை விரிந்து கதவைத் திறந்துவிடும். தடுக்கிறதா என்று அறிய வேறெந்த ஊர்க்காரரும் கருவி தேட வேண்டும். திருப்பூர்க்காரனுக்குப் பனியன் போதும்! வெள்ளை பனியனுக்குச் சலவைப்பட்டறையில் டினோபால் போன்ற வெளுப்பூட்டி ஏற்றுகிறார்கள். அது புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். பனியனின் 'பளீர்' அதனால்தான். நூல் மில்லில் கோன்கள் கலந்துவிட்டனவா என்று புற ஊதா விளக்கின் கீழ் பார்ப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அப்படிப்பட்ட டார்ச் ஒன்றை இரவல் வாங்கி, இருட்டு அறையில் புதுப் பனியன்மேல் அடித்தேன். நீலமாக ஒளிர்ந்தது. டார்ச்சுக்கும் பனியனுக்கும் இடையே கண்ணாடியைப் பிடித்தேன். ஒளிர்வு அணைந்தால் கண்ணாடி காவல்காரன்; அணையாவிட்டால் வெறும் அலங்காரம். மலிவு டார்ச்சுகளில் ஊதா வெளிச்சமே அதிகம் கலந்திருப்பதால் நல்ல கண்ணாடியிலும் கொஞ்சம் கசியும். அதை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

தெருவோரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்பவற்றில் மூன்றை நண்பர்களிடம் வாங்கிச் சோதித்தேன். இரண்டு அணைத்தன, ஒன்று அணைக்கவில்லை. மலிவு என்பதாலேயே ஒன்றைத் தள்ள முடியாது என்பது எனக்கே வியப்பு. ஆனால் அதைவிட முக்கியமானது நிறமே இல்லாத ஒரு பாலிகார்பனேட் கண்ணாடி. அது பனியனை அடியோடு அணைத்துவிட்டது. பாலிகார்பனேட்டின் இயல்பே அதுதான்; கல் தெறித்தாலும் எளிதில் உடையாது.

கடைசிச் சோதனைதான் முடிவைத் தீர்மானித்தது. ஒரு மாலை ஐந்தே முக்கால் மணிக்கு மங்கலம் சாலையில் மேற்கு நோக்கி, சூரியன் நேர் எதிரே நிற்க, பேராசிரியரின் கண்ணாடியோடு வந்தேன். கண் கூசியது, கண்ணாடி கறுக்கவே இல்லை என்று சொல்லலாம். காரணம் எளிது. சாயும் சூரியனின் ஒளி பல மடங்கு காற்றைக் கடந்து வருகிறது; வழியிலேயே புற ஊதா பெரும்பகுதி சிதறிப் போகிறது. கூச வைக்கும் வெளிச்சம் மிஞ்சுகிறது, கண்ணாடியைக் கறுக்க வைக்கும் கதிர் மிஞ்சவில்லை. தந்தையார் சாலையில் இருப்பது காலை எட்டு மணியும் மாலை ஆறு மணியும், இல்லாவிட்டால் இரவு. உச்சி வெயிலில் அவர் பவர் டேபிளில் இருக்கிறார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் கண்ணாடி அவர் முகத்தில் நன்றாகக் கறுப்பது ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது மட்டுமாகத்தான் இருக்கும்.

ஆகவே அவருக்கு வாங்கியது நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடி. பக்கவாட்டுக் காற்று புகாதபடி வளைந்த சட்டம். விலை முந்நூற்று எண்பது. எதிர்ச் சூரியனுக்கு, முன்பக்கம் நீண்ட தொப்பி ஒன்று; அது ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட சரக்கு, நாற்பது ரூபாய். தலையைச் சற்றே குனிந்தால் சூரியன் தொப்பி விளிம்புக்கு மேலே போய்விடும். எந்த மூலக்கூறும் விரியவோ மடங்கவோ காத்திருக்க வேண்டியதில்லை. பாலத்துக்குள் தெளிவாக நுழையலாம். இரவிலும் கழற்றாமல் வரலாம். "இது வெல்டிங்காரன் கண்ணாடியாட்ட இருக்குது கண்ணு" என்றார் தந்தையார். ஆனால் கூலிங்கிளாஸ் அல்ல என்பதில் அவருக்கு நிம்மதி.

என் கணக்கு வேறு. முதல் ஷிப்ட் வகுப்பு முடிந்து ஒன்றரை மணி வெயிலில் கல்லூரிச் சாலையில் இறங்கி, ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவன் நான். திரும்புவது இரவில். உச்சி வெயிலும் இரவும் ஒரே நாளில் வாய்த்த எனக்கு நிறம் மாறும் கண்ணாடி பொருந்தும். பருவத் தேர்வுக் கட்டணம் கட்டிய பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். அதுவரை பேராசிரியரின் பழைய கண்ணாடி என்னிடமே இருக்கிறது. அவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேட்கமாட்டார் என்று நம்புகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்பு. ஒளியை விடும் அளவை வைத்துக் கண்ணாடிகளை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் விடுவது 0. எட்டிலிருந்து பதினெட்டு வரை விடுவது 3. அதற்கும் கறுப்பான 4 வண்டி ஓட்டுவதற்கு ஆகாது. காரில் போகிறவர்கள் நிறம் மாறும் கண்ணாடியை நம்ப வேண்டாம். காரின் முன்கண்ணாடியே புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் உள்ளே அது சரியாகக் கறுக்காது. நம்மில் அந்தக் கவலை உள்ளவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

தந்தையார் கண்ணாடி அணியத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. ஆடிக் காற்றும் போய்விட்டது. சென்ற வாரம் பரிசோதித்த மருத்துவர், சதை திரும்பவில்லை என்றும் ஆறு மாதம் கழித்து வரும்படியும் சொன்னார். கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "கீறல் விழுந்திருக்கிறதே, எதில் துடைக்கிறீர்கள்?" என்றார். பஞ்சும் மண்ணும் ஒட்டிய கண்ணாடியை அப்படியே தேய்க்காமல், முதலில் தண்ணீரில் அலசிவிட்டுப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டுமாம். பனியன் கட்பீஸுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. அலசுவதற்குக் குழாயில் தண்ணீர் வருகிற நாளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.