கையுறையும் காப்புரிமையும்



பங்குச் சந்தையில் சிறிது பணம் போடலாமா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழும்போதெல்லாம், "அந்த நிறுவனம் இலாபம் ஈட்டுகிறதா?" என்றே முதலில் கேட்கிறோம். "அது செய்யும் பொருளின் நுட்பம் யாருக்கு உரியது?" என்று கேட்பவர் குறைவு. அக்கேள்வியின் அருமையை நம் நாட்டுக் கையுறை நிறுவனங்கள் சந்தித்த வழக்கொன்று உணர்த்துகிறது.

மருத்துவக் கையுறைகள் முன்பு இரப்பர்ப் பாலில் செய்யப்பட்டன. பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தந்ததால், நைட்ரில் என்னும் செயற்கை இரப்பர் பரவலாயிற்று. நைட்ரில் கையுறை தொடர்பான காப்புரிமை ஒன்றை அமெரிக்காவின் தில்லோட்சன் நிறுவனம் வைத்திருந்தது. 2007-இல் அது அமெரிக்க அனைத்துலக வாணிப ஆணையத்தில் முறையிட்டது. டாப் குளோவ், ஹார்ட்டலேகா முதலிய மலேசிய நிறுவனங்கள் எதிர்த்தரப்பில் நின்றன.

இவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2008 ஏப்ரலில், ஹார்ட்டலேகா புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்டது. அன்று பங்கு வாங்க எண்ணியவரின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். வழக்கில் தோற்றால் அமெரிக்கச் சந்தையின் கதவு அடைபடலாம். அல்லது விற்கும் கையுறைக்கெல்லாம் உரிமத்தொகை கட்ட நேரலாம். கையுறையில் கிடைப்பது சென் கணக்கிலான இலாபம். அதில் ஒரு பகுதி போனாலும் ஆண்டுக் கணக்கு மாறிவிடும்.

2008 டிசம்பரில், விதிமீறல் இல்லை என்று கூறி ஆணையம் விசாரணையை முடித்தது. மலேசிய நிறுவனங்கள் மூச்சுவிட்டன.

உரிமத்தொகை கட்டுவோருக்கு மட்டுமன்றி, வாங்குவோருக்கும் இத்தகைய தவிப்பு உண்டு. கைப்பேசி நுட்பங்களுக்கு உரிமத்தொகை பெறும் குவால்காம் மீது ஆப்பிள் 2017 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. 2019 ஏப்ரல் 16-இல் இரு தரப்பும் இணங்கிய அன்று, ஒரே நாளில் குவால்காமின் பங்கு விலை ஏறத்தாழ 23 விழுக்காடு உயர்ந்தது! இணக்கம் ஏற்படாதிருந்தால்?

எனவே, தீர்ப்பை ஊகித்துச் சேமிப்பைப் போடுவது முதலீடு அன்று. நான்கு இலக்க எண் எடுப்பதற்கே ஒப்பாகும். மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அக்காப்புரிமைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் எஞ்சியுள்ளது? உரிமத்தொகை கட்ட நேர்ந்தால் இலாபத்தில் என்ன மிஞ்சும்? அந்த ஒரு சந்தை மூடப்பட்டால் வேறு சந்தை உண்டா? விடைகள் ஆண்டறிக்கையிலும் பங்கு வெளியீட்டு விளக்கவுரையிலும் ஓரளவு கிடைக்கும். வழக்குகள் பற்றிய பகுதியைப் புரட்டித் தள்ளாமல் படியுங்கள்.

என் பெற்றோர் காஜாங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்கள். மரம் வெட்டியவருக்கு நாட்கூலி கிடைத்தது. நுட்பத்தைப் பதிந்து வைத்தவருக்கோ, பிறர் செய்யும் பொருளிலும் பங்கு கேட்கும் உரிமை கிடைக்கிறது. இந்த வேறுபாடு என் நெஞ்சை உறுத்துகிறது.

இன்று நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வெல்கிறார்கள். பதக்கத்தோடு நின்றுவிடலாமா? கண்டுபிடிப்பை ஊரறியக் காட்டிய பின் பதிய முனைந்தால், பல நாடுகளில் அது புதியதன்று என்று தள்ளிவிடுவர். ஆகவே, மேடையேற்றும் முன்பே மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தை அணுகி வழி கேளுங்கள்.

பங்கு வாங்கக் கற்பதோடு, உரிமை பெறவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்!