பளுவும் பக்குவமும்

பளுவை நகர்த்துவது புயவலிமையே என்பது பலர் கொள்கை. சிவகாசியில் எம் இல்லத்தின் பின்கட்டில் தந்தையார் நடத்திவரும் சிறு தச்சுப்பட்டறை எனக்கு வேறு பாடம் புகட்டிற்று. ஆங்குள்ள இழைப்பு யந்திரம் ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ளது. இடம் குறுகியதாதலின், நீண்ட மரங்களை அறுக்குங்கால் அதனை ஒதுக்கியே தீரல் வேண்டும். தந்தையார் அறுபதைக் கடந்தவர். துணைக்கு யான் ஒருவனே.

முதற்கண் மின்னிணைப்பை நீக்குவோம். 5 அடிக் கடப்பாரையின் நுனியை யந்திரத்தின் அடியிற் செலுத்தி, நுனியினின்று அரையடி தள்ளி ஒரு கட்டையைத் தாங்கலாக வைப்போம். தாங்கலுக்கு இப்பால் நாலரையடி, அப்பால் அரையடி. ஆகவே கைவிசை 9 மடங்காகப் பெருகும். யந்திரத்தின் ஒரு பக்கத்தை உயர்த்துதற்கு வேண்டிய 200 கிலோ விசைக்கு ஏறத்தாழ 22 கிலோ அழுத்தமே போதும். உயர உயரப் பலகைத் துண்டுகளைச் செருகுவோம், அடியிற் கைநீட்டோம். பின்னர் மூன்று இரும்புக் குழாய்களை உருளைகளாக இட்டுத் தள்ளி, பின்னே வெளிப்படுவதை எடுத்து முன்னே இடுவோம்.

இனி, அரிய பகுதி நிறுத்துதலே. எம் பட்டறைத் தளம் முற்றத்தை நோக்கிச் சற்றே சரிந்தது. உருளைமேல் ஏறிய பளு தானே ஓடத்தொடங்கின் இருவராலும் தடுத்தல் இயலாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைக் கண்டோர் இதனை அறிவர். வடம் பிடிப்போர் பல்லாயிரவர். ஆயினும் சக்கரத்தடியிற் கட்டையிடுவோர் இன்றேல் தேர் வீதிமுனையிற் செவ்வனே திரும்பாது, நிலைக்கும் வந்து சேராது. ஆதலின் தந்தையார் தள்ளும் தொழிலை எனக்களித்து, ஆப்பினைத் தம் கையிலேயே வைத்துக்கொள்வார்.

வலிமை இளைஞர்க்கு இயல்பாய் வாய்ப்பது. அதனை எங்கு நிறுத்துவதென்பதோ மூத்தோர்பால் நின்று கற்கத்தக்கது.