ஏழு நிறம்

நான் படித்தது பி.காம். அழகாக எதைப் பார்த்தாலும் ‘ஆஹா’வுக்கு முன்னால் ‘எவ்வளவு செலவாகியிருக்கும்?’ என்றுதான் வாயில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரானில் இஸ்ஃபஹான் நகரத்து ஷா மசூதியின் படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள். 1979 புரட்சிக்குப் பிறகு அதற்கு இமாம் மசூதி என்று பெயர். சுவர், வளைவு, குவிமாடம் எங்கு பார்த்தாலும் நீல டைல்ஸ். டைல்ஸ் முழுக்கக் கொடி, கொடி முழுக்கப் பூ. 1611-ல் இதைக் கட்ட ஆரம்பித்தவர் முதலாம் ஷா அப்பாஸ். அப்போது அவருக்கு வயது 40.

எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அதனால், மேலே கவனமாகப் படித்தேன்.

முஅர்ரக் என்று ஒரு பழைய முறை. நிறத்துக்கு ஒரு டைல் என்று தனித்தனியாக, அந்தந்த நிறத்துக்கு ஏற்ற சூட்டில் சுட்டெடுப்பார்கள். பிறகு இதழுக்கு ஒரு துண்டு, காம்புக்கு ஒரு துண்டு என்று கொத்தி நறுக்கி, குப்புற அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றி ஒட்டவேண்டும். நிறம் ஜொலிக்கும். நாள் பிடிக்கும். நுழைவாயிலை அப்படித்தான் செய்தார்கள். முடிந்தபோது 1616.

ராஜாவுக்குப் பொறுக்குமா?

உள்ளே பெரும்பாலும் ஹஃப்த் ரங்கி. அதாவது, ஏழு நிறம். ஒரே டைலில் எல்லா நிறத்தையும் தீட்டி, ஒரே சூட்டில் சுட்டுவிடுவது. ஒன்றோடொன்று கலந்துவிடாதா? அதற்குத்தான் எண்ணெய்ப் பசையில் மாங்கனீஸைக் குழைத்து, ஒவ்வொரு இதழைச் சுற்றியும் கோடு போட்டார்கள். தண்ணீரில் கரைத்த வண்ணம் எண்ணெயைத் தாண்டாது. சூளையில் எண்ணெய் எரிந்துபோய்க் கறுப்புக் கோடு மட்டும் தங்கும்.

நஷ்டமும் உண்டு. எல்லா நிறத்துக்கும் ஒரே சூடு என்றால் எதுவும் அதன் உச்சத்துக்குப் போகாது. வாசலில் இருக்கிற ஜொலிப்பு உள்ளே கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால், உள்ளே என்று ஒன்று இருக்கிறது!

இத்தனை அவசரப்பட்டும் ஷா அப்பாஸ் 1629-ல் இறந்தபோது வேலை பாக்கி இருந்தது. தாமரை சாயலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பூவுக்கு இன்றைக்கும் ‘ஷா அப்பாஸி’ என்று பெயர்.

கணக்குப் பாடத்தில் ‘வொர்க் இன் ப்ராக்ரஸ்’ என்று ஒரு தலைப்பு உண்டு. பாதியில் நிற்கிற வேலையையும் சொத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வகையில் எனக்கும் ஒரு சொத்து இருக்கிறது. மேஜை டிராயரில், பதினோரு வருஷமாக. அப்பாவைப் பற்றி எழுத ஆரம்பித்த நோட்டு. ஒவ்வொரு வரியாகச் செதுக்கி முடித்து, அவர் கையில் கொடுப்பதாகத் திட்டம். நாலு பக்கம் செதுக்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது. படிக்கத்தான் அவர் இல்லை.

வாசல் மட்டும் கட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா இருக்கிறாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு, பொடி எழுத்துகூட அவளுக்குத் தெரிகிறது. நேற்று ராத்திரி நோட்டை வெளியே எடுத்தேன். ஒரே மூச்சில் ஆறு பக்கம். அங்கங்கே நிறம் மங்கல்தான்.

இருக்கட்டும். அம்மா பாஸ் போட்டுவிடுவாள்.