கோவையில் ஓர் அமெரிக்கக் கார்

விடுமுறையில் தாயகம் செல்லும் அந்தமான் தமிழன்பர்கள், கோவை அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு அறநிலையத்தார் 2015இல் திறந்த கார் காட்சிச்சாலையைக் காணல் வேண்டும். இரயில்வே எழுத்தராகிய நாம் சென்றமாதம் குடும்பத்துடன் கண்டோம்.

நம்மை நிறுத்திவைத்தது போர்டு 'மாடல் டி'. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உருவான வண்டி. மூன்று பெடல்கள்: இடப்பக்கத்தது கியருக்கு, நடுவிலது பின்செல்ல, வலப்பக்கத்தது பிரேக். வேகம் கூட்டுவதோ கையால்! நம் தீவின் ஜீப் ஓட்டுநர்கள் ஏறினால் சுவரில்தான் நிற்பர்.

பள்ளியை விரைவில் துறந்த நாயுடு, பொறிகளைப் பிரித்துப் பார்த்தே கற்றார். 1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சி–பழனித் தடத்தில் தொழில் தொடங்கினார். இதைக் கேட்டதும், வகுப்பில் பின்தங்குகிறானென்று நாம் வருந்தியிருந்த எம் மகன் குனிந்து பெடல்களை மீண்டும் ஆராயலானான். இரயிலுக்கு நேரமாயிற்று என்றும் அசையவில்லை.