நாம் கபில நிறமான கதை

நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று வளையற்காரர் ஒருவர் சொன்ன ஒற்றை வார்த்தைக்காக எட்டு வருடங்கள் தலைக்குக் கறுப்புப் பூசினோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். 2016ஆம் ஆண்டு, கனடாவிலிருந்து அக்கா வந்திருந்த சமயம் அது. அக்கா எம்மிலும் நான்கு வயது மூத்தவர். இருவருமாக வீதியோரக் கடையொன்றில் வளையல் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்காரர் அக்காவின் கையில் ஒரு சோடியைப் போட்டு அழகு பார்த்துவிட்டு, எம்மைக் காட்டி, "அம்மாவுக்கும் இதிலை ஒரு சோடி எடுங்கோவன், தங்கச்சி" என்றார். அக்கா சிரித்தார். நாமும் சிரித்தோம். கொழும்புக்குத் திரும்பிய மறுநாளே, "கறுப்பு மருதோன்றி" என்று அச்சிட்ட பொடிப் பைக்கற் ஒன்று எமது கைப்பைக்குள் வந்து சேர்ந்தது.

இருபத்தெட்டு வருடங்களாகப் பாடசாலையில் இரசாயனவியல் கற்பித்து வருபவர் நாம். மருதோன்றி இலை செம்மஞ்சளைத் தருமேயன்றிக் கறுப்பைத் தராது என்பதை அறியாதவரல்லர். அப்பொடியில் கறுப்பைத் தருவது வேறு சரக்கு, பி.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் பாரா பினைலீன் டையமீன். 1907ஆம் ஆண்டில் பாரிஸில் யூஜீன் ஷுவெல்லர் என்ற இரசாயன அறிஞர் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றை ஆக்கிய காலந்தொட்டு இன்றுவரை, நிலைத்து நிற்கும் சாயங்களிற் பெரும்பாலானவை இவ்வினப் பொருள்களையே நம்பியிருக்கின்றன. இவையெல்லாம் தெரிந்திருந்தும், யாராவது கேட்டால் "மருதோன்றிதான் பூசுகிறேன்" என்றே சொல்லி வந்தோம். மருதோன்றி என்னும்போது அதில் ஒரு குடும்பப் பாங்கு இருக்கிறதல்லவா!

நிற்க. 2024இல் தம்பியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அக்கா வருவதாக எழுதியிருந்தார். கைத்தொலைபேசித் திரையில் வாரந்தோறும் காணும் அக்காவின் தலை, பால் விட்ட கோப்பியைப் போன்ற மெல்லிய கபில நிறம். எமது தலையோ அடுப்புக்கரி பூசியது போன்ற கறுப்பு. உச்சியில் மட்டும் இரண்டு விரற்கடை அளவுக்கு நரையும் கறுப்புமாகப் புதுமயிர். ஒரே மேடையில், ஒரே படத்தில், மீண்டும் ஒருமுறை அவருக்கு அம்மாவாக நிற்பதற்கு எமக்கு மனமில்லை.

கல்யாணத்துக்கு ஆறு நாட்கள் இருக்கையில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள அழகு நிலையத்தின் படிகளில் ஏறினோம். எமது மாணவியரின் வயதை அண்மையிலே தாண்டிய ஒரு பெண் எம்மை ஆசனத்தில் இருத்தி, சிறு மயிர்க்கற்றைகள் ஒட்டிய நிற அட்டையை விரித்தாள். அக்காவின் நிறத்தைத் தொட்டுக் காட்டினோம்.

"அன்ரி, முந்தி ஏதும் கலர் போட்டிருக்கிறீங்களா?"

"இல்லைப் பிள்ளை, மருதோன்றிதான்."

அவள் எமது கூந்தலை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். கறுப்பாக மினுங்கும் மருதோன்றியை அவள் வேறெங்கும் கண்டிருக்க மாட்டாள். ஆயினும் வயதில் மூத்தவரின் சொல்லைச் சந்தேகிக்கலாமா? மேற்கொண்டு கேட்காமலே கலவையைக் குழைக்கத் தொடங்கிவிட்டாள். கழுத்துப் பக்கம் ஒரு சிறு கற்றையில் முதலில் தடவிப் பார்த்திருக்கலாம். தொழில் தெரிந்தவர்கள் அவ்விதம் செய்வதுண்டு. ஒவ்வாமை உண்டா என்று காதின் பின்புறம் தடவி 48 மணித்தியாலம் பொறுத்திருக்கும் பரீட்சையும் நடக்கவில்லை. அதற்கு நாள் வைத்துப் போகாதவர்கள் நாமே.

சாயம் படும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டாள். கண்ணாடி இல்லாவிடில் எமக்கு ஒரு முழத்துக்கு அப்பால் உலகம் வெறும் புகை. இரண்டரை மணி நேரம் அந்தப் புகையின் நடுவே இருந்தோம். அமோனியாவின் நெடி மூக்கைத் துளைத்தது; உச்சந்தலை மெல்லென எரிந்தது. கழுவித் துடைத்து, சூடான காற்றுப் பிடித்து, ஆசனத்தைக் கண்ணாடியின் பக்கம் திருப்பினாள். எதிரே மங்கலாக ஓர் உருவம் தெரிந்தது. தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம். அச்சொட்டாக அக்கா! வாழ்நாளில் அவ்வளவு நேரம் நாம் கண்ணாடி பார்த்ததில்லை. அரை நிமிடம் இருக்கும்.

பின்னர் மூக்குக்கண்ணாடியை வாங்கி அணிந்தோம்.

உச்சியைச் சுற்றிச் செவ்விளநீரின் நிறத்தில் ஒரு பட்டை. அதற்குக் கீழே, தோள்வரை, பழைய கரி அப்படியே. இடையில் கோடு கிழித்தது போன்ற ஓர் எல்லை. தொப்பியொன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது.

காரணம் எமக்கு அந்தக் கணமே விளங்கிற்று, அதுதான் வேதனை. அமோனியா மயிரின் வெளிச்செதில்களைத் திறந்துவிட, ஐதரசன் பேரொட்சைட்டு உள்ளே புகுந்து இயற்கை நிறத்தை வெளுப்பிக்கும். கூடவே சாயத்தையும் விளைவிக்கும். புதுமயிரில் அது நடந்தது. கறுப்பு மயிர் அரைகுறையாக வெளுத்தால் அடியிலிருக்கும் செம்மஞ்சள்தான் மேலே வரும். தலையின் சூட்டில் அது இன்னும் விரைவாக நடக்கும். நரைமயிரோ சாயத்தை மெல்லிதாக ஏற்றுப் பொன்னிறமாயிற்று. எட்டு வருடங்களாகப் படை படையாகப் பூசிய பழைய சாயத்தை இது அசைக்காது. சாயத்தைச் சாயம் வெளுப்பிக்காது. அதை அகற்றும் மருந்து வேறு, முறை வேறு. "முந்தி ஏதும் போட்டிருக்கிறீங்களா" என்று அவள் கேட்டது இதற்காகத்தான்.

பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. "அன்ரி, உண்மையா மருதோன்றி மட்டும்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு இன்னொரு முறை மருந்து பட்டால் மயிர் முறிந்துவிடும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள், காசு வேண்டாம் என்றாள். 18,500 ரூபாவை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முக்காடிட்டுக்கொண்டு காலி வீதிக்கு வந்து முச்சக்கர வண்டி பிடித்தோம்.

நான்காம் நாள் விடியற்காலை, கட்டுநாயக்காவில் அக்கா வந்திறங்கினார். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு எமது முக்காட்டை நீக்கிப் பார்த்தார்.

"என்னடி இது, கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிச்ச மாதிரி?"

பதினொரு வருடம் மூத்த பெரியம்மாவைப் போல் அதட்டுவாரென்று எதிர்பார்த்திருந்தோம். வீட்டுக்கு வந்து, குளிப்பறை வெளிச்சத்தில் எம்மை முக்காலியில் இருத்தி, சீப்பினால் வகிர்ந்து வகிர்ந்து பார்த்த பின் அவர் கேட்டது ஒன்றுதான்: "முதல் என்ன பூசினனீ?"

வளையற்காரரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னோம். அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தமது வகிட்டை விரித்து, குனிந்து காட்டினார். வேரடியில் ஒரு நெல்லின் அளவுக்கு வெள்ளை. தோலில் சிவந்த தடிப்புகள்.

"நாலு கிழமைக்கு ஒருக்கால் பூசுறன். ஒவ்வொரு முறையும் கடிக்குது. விட்டால் வேலையிலை வயதைக் கணக்குப் பண்ணத் தொடங்கிவிடுவாங்கள். எனக்கு இன்னும் ஏழு வருசம் வீட்டுக்கடன் கிடக்கு. நீ ஏனடி?"

எம்மிடம் விடை இல்லை. வளையற்காரரைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.

கல்யாணத்தன்று காலை அக்கா தமது கண்ணிமைக்குப் பூசும் கரும்பொடியைப் பஞ்சில் தொட்டு எமது உச்சியெல்லாம் ஒற்றினார். மேலே இரண்டு முழம் மல்லிகைச் சரம் சுற்றினார். தாலி கட்டும் வரை எல்லாம் நலமே. மண்டபத்தின் புழுக்கத்தில் வியர்வை இறங்கத் தொடங்கியதும் பொடியும் உடன் இறங்கிற்று. அக்கா கைக்குட்டையை எடுத்து, யாரும் காணாமல், மூன்று முறை எமது நெற்றியைத் துடைத்துவிட்டார். குடும்பப் படத்தில் அந்தக் கைக்குட்டையின் ஒரு மூலை தெரிகிறது.

விடுமுறை முடிந்து பாடசாலை சென்றோம். உயர்தர வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எமது தலையை ஏறிட்டுப் பார்த்தாள், பார்க்காதவள் போலக் கொப்பியைப் புரட்டினாள். ஒட்சியேற்றப் பாடம் வந்தபோது உதாரணத்துக்குத் தொலைவிற் போகவில்லை. எட்டு வருடப் பொடியையும் சேர்த்தே சொன்னோம். அழகு நிலையத்தில் வராத உண்மை முப்பது பிள்ளைகளின் முன்னிலையில் எப்படியோ வந்துவிட்டது. அப்பெண்ணிடம் இன்னும் போகவில்லை. அவள்மீதுதான் பிழை என்று அவளுடைய முதலாளி எண்ணியிருக்கக்கூடும் என்ற நினைவு அவ்வப்போது உறுத்துகிறது.

அதன்பின் எதுவும் பூசவில்லை. நரையின்மீது எமக்குக் காதல் பிறந்துவிட்டதென்று எவரும் எண்ண வேண்டாம். மயிர் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், வேறு வழியில்லை. செம்மஞ்சள் பட்டை இப்போது காதைத் தாண்டி இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தொலைபேசித் திரையில் வந்ததும் முதலில் சொல்வது, "திரும்பு, பார்ப்பம்" என்பதே. திரும்பிக் காட்டுகிறோம். "இன்னும் நாலு விரற்கடை" என்கிறார் அவர்.