தூளி கட்டிய கலை முகாம்

முகாம் என்றால் எங்கள் தெருவில் கண் சிகிச்சை முகாம், ரேஷன் கார்டு முகாம், மாட்டுத் தடுப்பூசி முகாம். இவ்வளவுதான் தெரியும். போன மே மாதம் நானும் பெரியம்மா மகள் அக்காவும் கோயில் மண்டபத் தூணில் "குழந்தைகள் கலை முகாம்" என்று சார்ட் எழுதி ஒட்டினோம். முதலில் வந்து நின்றது யார் தெரியுமா? கண்ணாடிக் கூட்டோடு ஒரு ஆயா! "சொட்டு மருந்து எந்தப் பக்கம் கண்ணு ஊத்தறாங்க?" என்று கேட்டார். அவர் சேலையைப் பிடித்தபடி ஒரு பேரனும் பேத்தியும். ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு அந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டோம். எங்கள் வருகைப் பதிவேட்டில் 1, 2 அவர்கள்தான். கடைசி நாளில் பதிவேட்டில் 34 பேர்.

தோழிகளே, ஃபீஸ் கட்டிப் போகிற சம்மர் கேம்ப் பற்றி உங்களுக்குத் தெரியும். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றம் பற்றியும் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே 5 வயது முதல் 16 வயது வரை உள்ளவர்கள் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் கற்கலாம். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை. அப்பா அம்மா காலையிலேயே சேகோ ஆலைக்கோ கட்டட வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மே மாதம் என்றால் டி.வி., தெரு, பக்கத்து வீட்டு செல்போன். அவ்வளவுதான்.

அக்கா இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டம் அது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டுப் பக்கத்திலேயே பாட்டு, கதை, விளையாட்டோடு பாடம். "பாடத்தைக் கழிச்சிட்டு மத்ததை மட்டும் பத்து நாள் நடத்துவோமா?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். முகாம் பிறந்த கதை இதுதான்.

மொத்தச் செலவு 640 ரூபாய். எப்படிக் கட்டுப்படியானது என்று சொல்கிறேன். பசை வாங்கவே இல்லை. குச்சிக்கிழங்கு மாவுக்கு நம் ஊரில் பஞ்சமா? சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தக் கிழங்கு மாவு இரண்டு ஸ்பூனை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறு தீயில் கிளறினால் கண்ணாடி மாதிரிப் பசை வரும். நேராக வெந்நீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகிவிடும். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். எங்கள் முகாமிலோ பாதிப் பேர் பசையை நக்கிப் பார்ப்பவர்கள்! அதனால் தினமும் புதிதாகவே காய்ச்சினோம்.

வண்ணத்திற்கு மஞ்சள் தூள், செங்காவி, அடுப்புக்கரி, பீட்ரூட். மஞ்சள் கரைசல் தடவிக் காயவைத்த காகிதத்தில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வரைந்தால் சிவப்பாக எழுத்து வரும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று நாம் படித்ததுதான், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ப்பதும் அதற்குத்தான். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சள். இதைப் பார்த்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்று முழுக்க எங்களை "மந்திரவாதி அக்கா" என்றே கூப்பிட்டான்.

நான்காம் நாள் தீக்குச்சி. அரவிந்த் குப்தா என்பவரைப் பற்றி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1978-இல், வேலை பார்த்த டெல்கோ கம்பெனியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்திற்குப் போனார். அங்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் வைத்தே மாடல்கள் செய்தார். குப்பையிலிருந்து பொம்மை என்பதுதான் அவர் வழி. 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நாங்களும் சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கிச் சின்னச் சின்னதாக நறுக்கி, மருந்து சுரண்டிய குச்சிகளை அதில் செருகினோம். சதுரம் செய்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. முக்கோணம் மட்டும் அசையவே இல்லை. "அதனாலதான் கரண்ட் டவர்ல பூரா முக்கோணமா இருக்குதா?" என்று ஒரு பொடியன் கேட்டான். தினமும் அந்த டவரைத் தாண்டித்தான் நானும் பள்ளிக்கு வருகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். முதல் இரண்டு நாளும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றரை வயதுத் தம்பி. ஏரி மண் பிசைந்து பொம்மை செய்யும் நாளில் ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்மிக்கல் செய்தாள். குழவி கூட உருண்டது! மற்றவர்கள் யானையும் பிள்ளையாரும் செய்தபோது அவள் மட்டும் அம்மி, அடுப்பு, தண்ணீர்க் குடம் என்று ஒரு சமையல்கட்டையே செய்தாள். இரண்டாம் நாள் மாலையில் அவள் தம்பி இன்னொரு பையனின் காற்றாடியைக் கிழித்துவிட்டான். ஒரே அழுகை. மூன்றாம் நாள் அவள் வரவில்லை.

அக்கா என்னை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தார். "இவனை எங்கக்கா விடறது? அங்க வந்தா கிழிக்கிறான்" என்றாள் அந்தப் பெண், பெரிய மனுஷி மாதிரி. முகாம் என்றால் வயது வரம்பு வைப்பதுதான் வழக்கம். குறைந்தது 5 வயது இருக்க வேண்டும் என்பார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது கஷ்டம், உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் தம்பிக்கு வரம்பு வைத்தால் அக்காவும் வரமாட்டாள். அண்ணன்கள் வந்துவிடுவார்கள், பாருங்கள்! பதிவேட்டை எடுத்து எண்ணினோம். முதல் இரண்டு நாள் வந்தவர்களில் பெண்கள் பாதிகூட இல்லை.

நான்காம் நாள் காலையில் எங்கம்மாவின் பழைய நூல் சேலையை மண்டபத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தில் தூளியாகக் கட்டினோம். என்னோடு படிக்கும் இரண்டு தோழிகள் முறை வைத்துக்கொண்டு ஆட்டினார்கள். ஏழாம் நாள் மூன்று தூளிகள் ஆடின. பெண் பிள்ளைகள் 19 பேர்! 640 ரூபாய்க்கு வாங்கிய எந்தப் பொருளையும்விட இந்த மூன்று சேலைகள்தான் அதிகம் பயன்பட்டன.

ஓவியத்திற்கு வருகிறேன். முதல் நாள் "என்ன வேணா வரைங்க" என்றோம். எல்லோரும் ஒரே படம்! இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே நீல ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். கல்வராயன் மலையை ஒரு பக்கமும் பச்சைமலையை மறுபக்கமும் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். எந்த மலை ஐயா முக்கோணமாக இருக்கிறது? ஆனால் அக்கா யாருடைய படத்தையும் திருத்தவில்லை. ரப்பரும் கொடுக்கவில்லை. மறுநாள் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சும்மா பார்க்கச் சொன்னாள். கால்மணி நேரம், பேச்சு இல்லை. அவ்வளவுதான். இப்படித் திருத்தாமல் விடுவது புதிதல்ல என்று நம் ஓவிய ஆசிரியர் பிறகு சொன்னார். ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் ஃபிரான்ஸ் சிஸெக் என்பவர் 1897-லேயே சிறுவர்களுக்கு ஓவிய வகுப்பு தொடங்கினாராம். பெரியவர்கள் வரைவதைப் பார்த்து எழுதாமல், பிள்ளைகள் தங்கள் போக்கில் வரைய விட்டாராம்.

அதற்குப் பிறகு வந்த படங்களில் ஒன்று எனக்கு மறக்காது. ஐந்தாம் வகுப்புப் பையன், ஆற்றைக் கரியால் கறுப்பாகத் தீட்டிவிட்டான். கரையில் பிளாஸ்டிக் கவர்கள். "ஏன்டா தம்பி கறுப்பு?" என்றேன். "வசிஷ்ட நதி இப்படித்தானக்கா இருக்குது" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

ஒன்பதாம் நாள்தான் பிரச்சினை வந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா மூன்று எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தார். சொந்தக் காசு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு கொடுக்க வேண்டும், மேடை போட வேண்டும் என்றார்.

"பரிசு வேண்டாம் தாத்தா. மூணு பேர் ஜெயிச்சா மீதி 31 பேர் தோத்துப்போயிருவாங்க" என்றாள் அக்கா.

"போட்டி இல்லாம புள்ளைங்க எப்படிம்மா முன்னுக்கு வரும்?"

தாத்தா கேட்டதும் நியாயமான கேள்விதான். போட்டியால் நல்லது நடந்திருக்கிறது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் தொடங்கிய சிறுவர் ஓவியப் போட்டிக்கு உலக நாடுகளிலிருந்தெல்லாம் படங்கள் வந்தன. நம் அரசுப் பள்ளிகளிலேயே 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழாவால் எத்தனை பேர் மேடை ஏறியிருக்கிறார்கள்! நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாம் ஏற்கனவே கொஞ்சம் பாடவோ ஆடவோ தெரிந்து, துணிந்து பெயர் கொடுத்தவர்கள். எங்கள் முகாமில் பாதிப் பேர் அன்றுதான் முதல்முறையாகப் பிரஷ் பிடித்தார்கள். இவர்களில் முதல் பரிசு யாருக்கு? முக்கோண மலையை அழகாகக் கோடு தாண்டாமல் தீட்டியவனுக்குக் கிடைத்திருக்கும். கறுப்பு ஆற்றுக்குக் கிடைக்காது. ஒரு கையால் செய்த அம்மிக்கும் கிடைக்காது. அடுத்த முறை அவர்களும் முக்கோண மலையே வரைவார்கள்.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "34 தட்டு வாங்கித் தர்றீங்களா தாத்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டும் பார்த்தாள். தாத்தா சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "அடுத்த வருஷம் மண்டபம் கிடையாது" என்றார்.

பத்தாம் நாள் மாலை, கயிறு கட்டித் துணி கிளிப்பில் எல்லாப் படங்களையும் தொங்கவிட்டோம். மண் பொம்மைகளைத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு மேல் அம்மாக்கள் வந்தார்கள். அந்த அம்மிக்கல் பெண்ணின் அம்மா, கை கழுவாமல் தொடலாமா என்று கேட்டுவிட்டுக் குழவியை உருட்டிப் பார்த்தார். "எங்க வீட்டு அம்மி மாதிரியே ஒரு ஓரம் உடைஞ்சிருக்கு பாரு" என்றார். நாங்கள் அதை மண் காய்ந்த விரிசல் என்று நினைத்திருந்தோம்!

தாத்தாவும் வந்தார். கறுப்பு ஆற்றுப் படத்திற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "நான் சின்னப் பையனா இருக்கறப்ப இதுல நீஞ்சியிருக்கேன்" என்று பக்கத்தில் நின்ற அந்தப் பையனிடம் சொன்னார். அவன் நம்பவில்லை. எவ்வளவு ஆழம், என்ன மீன் என்று கேட்டுக்கொண்டே அவருடன் வாசல் வரை போனான். ஆனால் தாத்தா மண்டபம் விஷயத்தில் மனம் மாறவில்லை. பொங்கலுக்குக்கூட அக்கா போய்க் கேட்டுவிட்டாள். "பரிசு வச்சா மண்டபம்" என்றே சொல்கிறார்.

இதை நம் சுவர் இதழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தலைமையாசிரியை அம்மா ஒவ்வொரு இதழையும் நின்று படிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா, மே மாதம் பத்து நாள், காலை 7.30 முதல் 11 மணி வரை, நம் பள்ளியின் வேப்பமரமும் அதை ஒட்டிய வராந்தாவும் கிடைக்குமா? பெருக்கிச் சுத்தம் செய்து சாவியை ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு. அக்காவும் நானும் முறைப்படி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம்.

தோழிகளே, உங்களிடம் கேட்பது ஒரு பக்கம் மட்டும் எழுதிய பழைய நோட்டுத் தாள்கள், பழைய செய்தித்தாள், கிழியாத நூல் சேலை. நைலான் சேலை வேண்டாம், முடிச்சு வழுக்கும். தூளி ஆட்ட ஆறு பேராவது வேண்டும். இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் மதிய இடைவேளையில் +1 'அ' வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்கு வந்து சொல்லலாம்.

– +1 'அ' பிரிவு மாணவி