பிடியரிசியும் தகர டப்பாவும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நம்மூர்ப் பெற்றோர் நாலு பேர் கூடினால், வீட்டுக்கடன் வட்டி, விசா இரண்டுக்கும் அடுத்தபடியாக ஒரு பேச்சு வந்துவிடுகிறது. கட்டாயப்படுத்திச் செய்யவைத்தால் அது தொண்டாகுமா? பேச்சுக்குக் காரணம் அந்த மாநிலத்தின் விதி. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் பாடங்களில் தேறினால் மட்டும் போதாது, சமூகத் தொண்டும் செய்து கணக்குக் காட்டியிருக்க வேண்டும். மாநிலம் முழுமைக்கும் இப்படி ஒரு விதியை 1992-இல் முதலில் கொண்டுவந்தது மேரிலாந்துதான். 1997-இல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 75 மணி நேரம். நடைமுறை கவுண்டிக்குக் கவுண்டி, அதாவது மாவட்டத்துக்கு மாவட்டம், மாறும். என் மகள் குடும்பம் இருக்கும் மாண்ட்கோமரி கவுண்டியில், ஐந்தாம் வகுப்பை முடித்த உடனேயே கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆறு, ஏழு, எட்டு என மூன்று வகுப்புகள் கொண்ட மிடில் ஸ்கூல் பிள்ளைகள் பையில் வீட்டுப்பாடத்தோடு தொண்டுப் படிவத்தையும் சுமக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் நம் பிள்ளைகள் ரேங்க் கார்டில் கையெழுத்துக்குப் பின்னால் அலைவது போல அங்கே இந்தப் படிவத்துக்கு அலைகிறார்கள்.

நான் ஊரில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், மனசுல வர வேண்டியதை மார்க் போட்டு வரவைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியும் என்றுதான் சொல்வேன். பன்னிரண்டு வயதில் நல்லெண்ணம் தானாக ஊற்றெடுக்கும் என்று நம்புகிறவர், அந்த வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரோடு மழைநாள் மதியத்தில் ஒரே அறையில் இருந்து பார்த்ததில்லை. வாய்ப்பாட்டை விரும்பிப் படித்த பிள்ளை எத்தனை? நகம் வெட்டிக்கொண்டு வந்ததும், கிணற்றடியில் வரிசையில் நின்றதும், செத்தை பொறுக்கியதும் சொல்லிச் சொல்லித்தான். முதலில் கை பழகும். மனசு எப்போது வந்து சேர்ந்தது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. எனவே கட்டாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறொன்றோடு.

அதற்கு முன் அங்கத்து இலையுதிர் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆகஸ்டு கடைசியில் பள்ளி திறக்கிறது. வெயில் தணிந்ததும் மேப்பிள் மரங்கள் சிவக்கின்றன, ஓக் மரங்கள் பழுப்பேறுகின்றன. மாலையில் பிள்ளைகள் கூட்டமாகக் காட்டுப்பாதைகளில் ஓடிப் பழகுகிறார்கள். நூலகத்தில் புத்தகச் சந்தை நடக்கிறது. அக்டோபர் 31-இல் ஹாலோவீன் வேடம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்ததும், ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. நவம்பர் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாள். லிங்கன் 1863-இல் நாடு முழுவதற்கும் அறிவித்த விடுமுறை, நான்காம் வியாழன் என்று 1941-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பள்ளியின் தொண்டு வேலைகளும் இந்த இரண்டு மாதங்களில்தான் குவிகின்றன. அறுவடைக் காலம், விருந்துக் காலம், கையில் இருப்பதைப் பார்த்து இல்லாதவர் நினைவு வரும் காலம். ஐப்பசி அடைமழையில் பிள்ளைகளை வெளியே அனுப்பவே யோசிக்கும் நமக்கு, இந்தப் பருவத்தில் இவ்வளவு வெளிவேலை வைப்பது வியப்பாகத்தான் இருக்கும்.

முதல் வேலை இலை வாருவது. கொட்டுகிற இலை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டு முற்றத்தில் கணுக்கால் புதையும் அளவுக்குக் கிடக்கிறது. அதைச் சாலையோரம் குவித்துவைத்தால், பல பகுதிகளில் கவுண்டியின் வண்டி வந்து பெரிய குழாயால் உறிஞ்சிக்கொண்டு போகிறது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மாளுக்கு முதுகு வளையாது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் ஒரு சனிக்கிழமை முழுவதும் அவர் முற்றத்தை வாரிக் கொடுத்தான். இதற்கு எத்தனை மணி கணக்கு வரும் என்று மகள் விசாரித்தாள். ஒன்றும் வராது. தொண்டு என்றால் அங்கீகாரம் பெற்ற லாபநோக்கற்ற அமைப்பின் மேற்பார்வையில், பொது இடத்தில் நடக்க வேண்டுமாம். மகளுக்குக் கோபம். எனக்கு அந்த விதி சரியென்றே பட்டது. இல்லாவிட்டால் கவுண்டி முழுவதும் தாத்தா தோட்டத்தில் வேலை செய்ததாகவே படிவங்கள் வந்து குவியும். கணக்கில் வராத வேலையையும் பையன் செய்துவிட்டான் என்பதில் உள்ளூர எனக்கு ஒரு திருப்தி. அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரமும் வாரச் சொல்கிறார் என்று ஓடிவிடுவான்.

இரண்டாவது வேலை உணவு திரட்டுவது. நவம்பரில் ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்துவிடும். கெட்டுப்போகாத உணவாக, தகர டப்பாவிலோ பொட்டலத்திலோ அடைத்ததாகக் கொண்டுவந்து போட வேண்டும். அதிகம் சேர்த்த வகுப்புக்குப் பீட்சா விருந்து. என் சண்டை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு வீட்டில் நடந்ததைப் பார்த்தேன். அநேகமாக எல்லா வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். அடுக்களை அலமாரியின் முன்வரிசைக்கு யாரும் கை நீட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறி, பின்வரிசையிலிருந்து இறக்கினார்கள். எப்போதோ ஒரு நன்றியறிதல் நாளுக்கு வாங்கிய பரங்கிக்கூழ், யாரோ தந்த கிரான்பெர்ரி ஜெல்லி, ஒருமுறை சீனச் சமையல் செய்யும் ஆசையில் வாங்கிய மூங்கில் குருத்து. டப்பாக்களின் எண்ணிக்கைக்குத்தான் பீட்சா என்பதால், இன்னும் சில பிள்ளைகள் மலிவான நூடுல்ஸ் பொட்டலத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டு ஜெயித்துவிடுகிறார்கள். "தேதி முடிஞ்சிருக்கே" என்று மருமகன் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "அது சும்மாதான், சாப்பிடலாம்" என்றாள் மகள். அவள் சொன்னதில் பிசகில்லை. அந்நாட்டு மத்தியச் சட்டப்படி தேதி போட்டே ஆக வேண்டிய உணவு கைக்குழந்தைக்கான பால்மாவு ஒன்றுதான். மற்றவற்றில் இருப்பது பெரும்பாலும் ருசி குறையாமல் இருக்கும் காலத்தைப் பற்றிய கம்பெனியின் மதிப்பீடு. சாப்பிடலாம்தான். ஆனால் நாம் சாப்பிடவில்லையே என்று கேட்டேன். அடுக்களையில் பேச்சு நின்றுபோனது.

கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் வாங்கிச் சாப்பிட்ட பக்கத்திலிருந்து வந்தவன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர். 1957-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். காமராசர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்பது அந்த ஆண்டுகளில் அரசுப் பணத்தில் தொடங்கியதல்ல. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, ஊர் மக்கள் போட்டதில்தான் முதலில் அடுப்பு எரிந்தது. அரசின் பங்கு பின்னால் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் உலை வைக்கும்முன் ஒரு கைப்பிடி தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். பிடியரிசி என்றாலும் எங்கள் பக்கம் விழுந்தது பெரும்பாலும் கம்பும் சோளமும்தான். வாரக் கடைசியில் பெரிய பையன்கள் இருவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தக் கைப்பிடி, உலைக்குப் போகிற அதே தானியம். மிஞ்சியதை எடுத்துவைக்கவில்லை, சமைப்பதற்கு முன்பே எடுத்தார்கள். வீட்டுக்குப் புழுத்த கம்பு என்றால் எங்களுக்கும் புழுத்த கம்பு, நல்ல கம்பு என்றால் எங்களுக்கும் நல்லது. அதனால் சாப்பிடும்போது எங்களுக்குக் கூச்சம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்தவர்கள் வேப்பமரத்தடியிலும் நாங்கள் தாழ்வாரத்திலும் உட்கார்ந்தோம். ஆனால் தட்டில் விழுந்ததைப் பார்த்துக் கூச்சப்பட்டதில்லை.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு வந்தது. கேர் என்ற அமைப்பின் மூலம் பால் பவுடர், மஞ்சள் மக்காச்சோள மாவு, எண்ணெய். சாக்கிலும் டின்னிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்டிருக்கும். அந்தக் கைகள் யாருடையவை என்று நாங்கள் பந்தயம் கட்டியிருக்கிறோம். ஒன்று காமராசருடையது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அந்த நாட்டு விவசாயிகளிடம் தேவைக்கு மேல் விளைந்ததை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1954-இல் அவர்கள் ஒரு சட்டமே போட்டிருந்தார்கள் என்பதைப் பெரியவனான பிறகு படித்தேன். அதாவது அவர்கள் அலமாரியின் பின்வரிசை. அதற்காக அந்த மாவைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. பசித்த வயிற்றுக்கு அது முன்வரிசையா பின்வரிசையா என்று தெரியாது, நிறைந்தது. என் உயரத்தில் இரண்டு அங்குலமாவது அந்தப் பால் பவுடரின் உபயம் என்று மனைவி சொல்வதுண்டு. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்தப் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல், குடித்ததுபோல் காட்டிவிட்டுச் சுவரோரம் ஊற்றினார்கள். பிள்ளைகளுக்கு ஒத்துக்கொண்டதா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கேட்க ஆள் இல்லாத தூரத்திலிருந்து அது வந்தது.

மேரிலாந்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் கிடையாது. அவர்கள் போடும் டப்பா பத்து மைலுக்குள்ளேயே யாரோ ஒருவர் வீட்டில் திறக்கப்படுகிறது. உணவு வங்கி என்ற ஏற்பாடே அமெரிக்காவில் தொடங்கியதுதான். ஜான் வான் ஹெங்கல் என்பவர் 1967-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். மாண்ட்கோமரியில் 1983 முதல் மான்னா உணவு மையம் இருக்கிறது. வாங்க வருகிறவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, கிழவர்கள் உண்டு, பிள்ளைகளோடு வருகிற தாய்மார்கள் உண்டு. பள்ளியில் இலவச மதிய உணவு சாப்பிடும் பிள்ளைக்குச் சனி, ஞாயிறு என்ன செய்வது என்று, வெள்ளிக்கிழமை ஒரு பை உணவைப் பிறர் பார்க்காமல் கொடுத்தனுப்பும் ஏற்பாடும் பல பள்ளிகளில் உண்டு. பேரனிடம் இதைச் சொன்னேன். "எங்க ஸ்கூல்லயா, தாத்தா?" என்று கேட்டான். இருக்கலாம், உன் பக்கத்து நாற்காலியாகக் கூட இருக்கலாம், அது யார் என்று உனக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் நாகரிகம் என்றேன். எங்கள் தாழ்வாரத்தில் அந்த நாகரிகம் இல்லை. இந்த ஒன்றில் அவர்கள் நம்மைவிட மேல்.

இப்படிப்பட்ட கிடங்கு ஒன்றில் டப்பா பிரிக்கும் வேலைக்குப் பேரனுக்குத் துணையாகப் போனேன். பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்றார்கள், வீட்டில் சும்மா இருந்த பெரியவர் நான் ஒருவன்தான். நீண்ட மேசையில் டப்பாக்கள் வந்துகொண்டே இருந்தன. நசுங்கியது, உப்பியது, துருப்பிடித்தது ஒரு பக்கம். மற்றவை இனம் இனமாக. பரங்கிக்கூழுக்கென்று தனி மலையே எழுந்தது. பேரன் கொஞ்ச நேரம் வேகவேகமாக எறிந்தான். பிறகு வேகம் குறைந்தது. எது எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கினான். அங்கே வேலை பார்த்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். கடலை வெண்ணெய், சூரை மீன், பீன்ஸ், அரிசி எவ்வளவு வந்தாலும் தீர்ந்துபோகும். உப்பு குறைத்த டப்பாக்களை இரத்த அழுத்தக்காரர்கள் தேடி எடுப்பார்கள். துவரம்பருப்பு யாராவது எடுப்பார்களா என்று நான் குறுக்கே கேட்டேன். பருப்பு வகை எதுவானாலும் கொண்டுவாருங்கள், பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றார். மூடியில் வளையம் வைத்து இழுத்துத் திறக்கும் டப்பாக்களைத் தனியாக ஒதுக்கச் சொன்னார். காரில் தூங்குகிறவர்களிடம் ஓப்பனர் இருக்காது என்பது காரணம்.

டப்பாவுக்குப் பதில் அந்தப் பணத்தைக் கொடுத்தால் மொத்த விலையில் இன்னும் அதிகம் வாங்கிவிடுவார்கள் என்று மருமகன் கணக்குச் சொன்னார். கணக்கு சரி. பெரியவர்கள் பணமே கொடுக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதுக்காரனிடம் கிரெடிட் கார்டு இல்லை, கை இருக்கிறது. அவன் கடைக்குப் போய், எதை எடுப்பது, யாருக்கு எடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 75 மணி நேரத்தில் அந்த ஒரு நிமிடம் இருந்தால் மற்றதெல்லாம் வீணானாலும் பாதகமில்லை. அதுவும் இல்லாமல் போவது, படிவத்தைப் பெற்றோரே நிரப்பும் வீடுகளிலும் டப்பாவை எண்ணிப் பீட்சா தரும் வகுப்புகளிலும்தான். போட்டி வைக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் மகள் சொல்லிப் பார்த்தாள். போட்டி இல்லாவிட்டால் பாதிகூடச் சேராது என்றார்களாம். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். எடையைக் கணக்கு வையுங்கள், நூடுல்ஸ் தொல்லையாவது ஒழியும் என்று நான் சொல்லி அனுப்பிய யோசனையைப் பரிசீலிக்கிறார்களாம்.

மேரிலாந்துக்காரர்கள் இந்தத் தொண்டை முன்தயாரிப்பு, செயல், பின்யோசனை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நன்றாகவே யோசித்துச் செய்த பிரிவு. படிவத்தில், இதனால் என்ன கற்றாய் என்று கேட்டுச் சில வரிகளுக்கு இடம் விட்டிருந்தது. பேரன் முதலில், பிறருக்கு உதவுவது மகிழ்ச்சி தருகிறது என்று எழுதினான். நான் பள்ளியில் திருத்திய அத்தனை கட்டுரைகளிலும் இருந்த வரி. அடித்துவிட்டு, அங்கே உனக்குப் புதிதாகத் தெரிந்ததை மட்டும் எழுது என்றேன். பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கடைசியில் எழுதினான்: சிலரிடம் ஓப்பனர் இல்லை, அதனால் வளையம் வைத்த டப்பா வாங்க வேண்டும், பரங்கிக்கூழ் போதும்.

மகள் வந்து படித்துவிட்டு, "இவ்வளவுதானா? இன்னும் ரெண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கப்பா, டீச்சர் பார்ப்பாங்க" என்றாள். எதைச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேன்.